போட் மெயில் வந்து நின்ற ஊர்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராக நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வழியில் இருக்கும், 1964 புயலில் அழிந்த பழைய ஊருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அதிகம். அதிலும் கூட்டமெல்லாம் இடிந்த தேவாலயத்தில்தான். நான் போனது ரயில் நிலையத்தைப் பார்க்க.

ராமேஸ்வரத்திலிருந்து பேருந்து இருக்கிறது. 2017இல் சாலை திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள்தான் ஓடின. இப்போது வலது பக்கம் மன்னார் வளைகுடா, இடது பக்கம் பாக் நீரிணை, நடுவில் தார் ரோடு. இங்குள்ள மீனவர்கள் முதலாவதை ஆண் கடல் என்பார்கள், இரண்டாவதைப் பெண் கடல் என்பார்கள். நான் போன அன்று ஆண் கடல் கரையை அறைந்துகொண்டிருந்தது. பெண் கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

நிலையத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வளைவு வைத்துக் கட்டிய சுவர்கள் சில, தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய கட்டுமானம் ஒன்று. தண்டவாளம் எதுவும் கண்ணில் படவில்லை. சுவரில் கை வைத்தால் காரை பொடியாக உதிர்கிறது. செங்கல்லின் முகத்தை உப்புக்காற்று அரித்துத் தின்றுவிட்டது. செங்கல்லுக்கு இடையில் பூசிய சுண்ணாம்பு மட்டும் வரப்பு போட்டதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த இடம் எவ்வளவு பெரிய சந்திப்பாக இருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனது ஆறவில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் ரயிலில் வந்து இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்த பிறகு, சென்னையில் டிக்கெட் எடுத்தால் அந்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைக்கும் போகலாம். போட் மெயில் என்ற அந்த ரயில் தனுஷ்கோடித் துறைக்கு வரும். அங்கிருந்து நீராவிக் கப்பல் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாருக்குக் கொண்டுபோகும். அந்தக் கரையில் இன்னொரு ரயில் காத்திருக்கும். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் இந்த மணல்திட்டில் இருந்தன. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் இந்த வழியில்தான் போனார்கள். நோய்த் தொற்று இருக்கிறதா என்று அவர்களைத் தங்கவைத்துப் பார்த்த இடம் மண்டபம் முகாம். அதே முகாமில் பின்னாளில் இலங்கைத் தமிழ் அகதிகள் வந்து தங்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தைத் தாண்டித்தான் ரயில் தனுஷ்கோடிக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாம்பன் அப்போது ஜங்ஷன். அங்கேயே பாதை பிரிந்து ஒன்று நேரே தனுஷ்கோடிக்கும் மற்றது ராமேஸ்வரத்துக்கும் போனது.

அந்தத் தொட்டிக் கட்டுமானத்தின் கீழே நெடுநேரம் நின்றிருந்தேன். நீராவி எஞ்சினுக்குக் கரியை விட்டால் வேண்டியது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரை ஊற்றினால் கொதிகலனுக்குள் உப்பு படிந்து, குழாய்கள் கெட்டுப்போகும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில் நல்ல தண்ணீர் ஏது?

பதில் பக்கத்திலேயே கிடைத்தது. மீன் பொரித்து விற்கிற ஓர் அக்காவிடம் குடிதண்ணீர் கேட்டேன். "ஊத்துத் தண்ணி குடிப்பியா தம்பி? இனிக்கும்" என்றார். கடைக்குப் பின்னால் மணலில் கையால் தோண்டிய குழி. முழங்கை ஆழம் இருக்கும். அடியில் தண்ணீர் மெதுவாக ஊறிவர, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றினார். கலங்கியதும் நிறுத்தி, தெளிந்ததும் மறுபடி அள்ளினார். கடல் நூறடி தூரத்தில் இருக்கிறது. தண்ணீரில் துளி உப்பில்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கிவிடுகிறது. ஆழமாகத் தோண்டினால்தான் கரிக்கும். "ரொம்பத் தோண்டக் கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார் அக்கா.

1964 டிசம்பர் 22 இரவு நடந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது, புயலில் எழுந்த கடல் அதை அப்படியே இழுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஊரும் அன்றோடு போனது. சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவே இல்லை. 2019இல் ராமேஸ்வரத்திலிருந்து புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், ரயில் வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல் இது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை வைத்து, நிற்கிற சுவர்களைக் காப்பாற்றினால் போதும். இப்போது பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள், பெரியவர்கள் பெயர் கிறுக்குகிறார்கள். இதைப் 'பேய் நகரம்' என்று சொல்லிச் சுற்றிக் காட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே கரைவலை இழுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலத்துக்குமேல் இருக்க விடமாட்டார்கள். அரிச்சல்முனைக்கு டிக்கெட் எடுத்தாலும் பழைய ஊரில் இறங்குங்கள், நிழல் கிடையாது, குடை முக்கியம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ராமேஸ்வரம் ரயிலில் ஏறலாம். போட் மெயில் என்ற பெயர் இன்னும் அதற்கு இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் அது கடலைக் கடக்கும். அப்போது தூங்கிவிடாதீர்கள்.