வராத வெள்ளம்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்கே, ரிவியேர் தே ரோஷ் ஆற்றில் ஆட்களை நடக்கவும் நீந்தவும் அழைத்துச் செல்வது என் தொழில். இங்கே இதை ‘அக்வா ராந்தோ’ என்கிறார்கள். சுறாக்கள் ஆட்களைத் தாக்கியதை அடுத்து 2013இல், பவளத்திட்டுக்கு உட்பட்ட அமைதியான நீர்ப்பகுதியும் கண்காணிப்புள்ள சில இடங்களும் தவிர, கடலில் குளிக்கத் தடை வந்தது. தீவுக்கு வந்தும் கடலில் இறங்க முடியாதவர்கள் எங்களிடம் வருகிறார்கள். சிலருடைய குடும்பப் பெயர் அச்சு அசலாகத் தமிழ்ப் பெயர். ஆசையாகத் தமிழில் பேசினால் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் வரும்.

நியோப்ரீன் என்ற ரப்பர் நீச்சலுடைக்குள் அவர்களைத் திணிப்பதே ஒரு தனி வேலை. அதைக் கடந்துவிட்டால் ஆறு தானாகவே நடத்திக்கொண்டு போகும். எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டு உருவான பசால்ட் எனும் கரும்பாறைத் தூண்கள் மடுக்களைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் வழவழப்பாக்கிய பாறையில் சறுக்கலாம், மேலிருந்து குதிக்கலாம். குதிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் நான் மூழ்கி அடியைத் தடவிப் பார்ப்பேன். நேற்று பார்த்த மடுதானே என்று விட முடியாது. ஒரு ராத்திரி வெள்ளம் போதும், எங்கோ கிடந்த பாறை உருண்டு வந்து அங்கே உட்கார்ந்திருக்கும்.

ஆனால் நான் உண்மையில் பார்ப்பது மடுவை அல்ல, மலையை. 1966 ஜனவரியில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டிய தீவு இது. உலகில் வேறெங்கும் 24 மணி நேரத்தில் அவ்வளவு மழை பதிவானதில்லை. உச்சியில் பெய்யும் மழை கீழே இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். தண்ணீர் லேசாகக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், ஆற்றின் இரைச்சல் ஒரு படி கனக்கும். இருபுறமும் சுவராக எழும் இடுக்கில் மாட்டிக்கொண்டவனுக்கு அதற்குமேல் அவகாசம் கிடைக்காது.

ஒரு பிப்ரவரி மாதம். ஆறு பேர். பாதி வழியில் சருகுகள் கூட்டமாக வந்தன, நீரில் தேநீர் நிறம். உடனே எல்லோரையும் கரையேற்றிவிட்டேன். கணவன் மனைவியாக வந்திருந்த இருவரில் கணவர், “ஒரு துளி மழைகூட இல்லையே!” என்று வானத்தைக் காட்டினார். இன்னும் பெரிய குதிப்பு பாக்கி இருந்தது, அதற்காகவே வந்திருந்தார். கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. வெள்ளம் வந்திருந்தால் காலத்துக்கும் என்னைக் கும்பிட்டிருப்பார். வராததால், காட்டுப் பாதையில் திரும்பும்போது முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் தனியாக மேலே ஏறிப் பார்த்தேன். கரை சரிந்து ஒரு மரம் ஆற்றில் விழுந்து கிடந்தது. சருகு, கலங்கல் எல்லாம் அதன் வேலை. யாரிடமும் சொல்லவில்லை. கூச்சமாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் அந்த மனைவி மறுபடி பதிவு செய்தார், தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு. கணவர் மட்டும் வரவில்லை.