புதிருக்குப் படம் போடும் வேலை

30 அடி வழுக்கு மரம். ஒரு குரங்கு பகலில் 3 அடி ஏறுகிறது, இரவில் 2 அடி சறுக்குகிறது. உச்சியைத் தொட எத்தனை நாள் ஆகும்? பள்ளியில் எல்லோரும் கேட்டிருப்போம், அவசரப்பட்டு 30 என்று சொல்லியும் இருப்போம். விடை 28. 27 நாள் முடிந்தபோது 27 அடியில் இருக்கும் குரங்கு மறுநாள் 3 அடி ஏறியதுமே உச்சிதான், அப்புறம் எங்கே சறுக்குவது?

இதற்கு ஒரு படம் போடச் சொன்னால் கை தானாக ஒரு படத்தை நோக்கிப் போகும். மூன்று கட்டம் மேலே, இரண்டு கட்டம் கீழே என்று ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கோடு. பார்க்கவும் அழகு. ஆனால் அதைப் போட்டால் புதிர் அங்கேயே தீர்ந்தது. கடைசிப் பல் மட்டும் மேலே போய் நின்றுவிடும், கீழே வராது. விடை அதுதானே! ஆகவே நான் வரைவது ஒரு மரம், அடியில் அண்ணாந்து பார்க்கும் குரங்கு, பக்கத்தில் 30 அடி என்று ஓர் அளவுக்கோடு, அவ்வளவுதான். மரத்தில் அடிக்கு ஒரு கோடுகூட இழுப்பதில்லை. இழுத்தால் விரலை வைத்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

நான் ஓய்வு பெற்ற வரைவாளர். வேலைக் காலம் முழுவதும் ஏரி மதகு, கலிங்கு, வாய்க்கால் பாலம் என்று வரைந்தவள். டி-ஸ்கொயரும் ட்ரேசிங் பேப்பரும் மை பேனாவுமாகத் தொடங்கி, கணினியில் முடித்தேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வாரம் ஒரு புதிர் எழுதுவார், எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்து, “அம்மா, இதுக்கு ஒரு படம் போட்டுத் தாங்க” என்பார். படம் இருந்தால்தான் ஆட்கள் நின்று பார்க்கிறார்களாம். உண்மைதான். எழுத்து மட்டும் போனால் செல்பேசியில் விரல் தள்ளிக்கொண்டே போய்விடுகிறது.

மதகுப் படத்தில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் அளவு விட்டுப்போனால் மேஸ்திரி கேட்க வருவார். புதிர்ப் படத்தில் நேர் எதிர். இங்கே பார்ப்பவர் ஒவ்வொரு கோட்டையும் ஒரு துப்பாகவே எடுத்துக்கொள்கிறார். நான் அலங்காரத்துக்குப் போட்ட புல்லைக்கூட விட்டுவைப்பதில்லை.

புலி, ஆடு, புல்லுக்கட்டு புதிரையே பாருங்கள். படகுக்காரர் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்ற முடியும். புலியையும் ஆட்டையும் தனியே விட்டால் ஆடு போச்சு, ஆட்டையும் புல்லையும் விட்டால் புல் போச்சு. ஏழு முறை ஆற்றைக் கடந்தால் முடிந்துவிடும். கணக்கைப் பொறுத்தவரை இதற்குப் படமே வேண்டாம். ஆனால் படம் போட்டபின் வரும் பதில்களைப் பார்க்க வேண்டும். ஆட்டின் கழுத்தில் கயிறு வரைந்தால், “ஆட்டை மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமே” என்று ஒருவர். கரையில் மரம் வரையாவிட்டால், “கயிற்றைப் பிடித்து நீந்தவிடலாம்” என்று இன்னொருவர். ஆற்றில் ஒரு கொக்கு நிற்கிற மாதிரி வரைந்தால் முழங்கால் ஆழம்தான் என்று நடந்தே கடந்துவிடுவார்கள். எனவே இப்போது கயிறு கிடையாது, மரம் கிடையாது, கொக்கு கிடையாது. படகு மட்டும் பார்த்தவுடனே புரிகிற அளவுக்குச் சின்னது. புலிக்கு மட்டும் மீசை நன்றாகப் போடுவேன், அது என் சொந்த ஆசை.

ஒன்பது புள்ளிப் புதிரில் வரையாமல் விடுவதுதான் முழு வேலையே. மூன்றுக்கு மூன்று ஒன்பது புள்ளிகள். பேனாவை எடுக்காமல் நாலே நேர்க்கோட்டில் எல்லாவற்றையும் தொட வேண்டும். கோடுகள் புள்ளிச் சதுரத்துக்கு வெளியே நீண்டு திரும்பினால்தான் முடியும். புள்ளிகளைச் சுற்றி நான் ஒரு கட்டம் போட்டுவிட்டால், யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். அது நியாயமில்லை, புதிரில் இல்லாத விதியைப் படம் நுழைத்துவிடுகிறது. சரி, புள்ளிகளைத் தாள் ஓரம் வரை பெரிதாகப் போட்டால்? அதுவும் அதே கதைதான், திரையின் விளிம்பே கட்டமாகிவிடும். நாலு பக்கமும் தாராளமாக வெள்ளை விட்டேன். வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு இடம் விட்டால் இங்கே வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். ஒன்றரைப் புள்ளி இடைவெளி என்று பேசி முடித்தோம். வெளியே போகும் கோடு திரும்புவதற்கு ஒரு இடைவெளி வேண்டும், மீதி அரை இடைவெளி மூச்சுவிட.

தொழில் சங்கதிகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், படம் போட நினைப்பவர்களுக்கு உதவும். நான் இங்க்ஸ்கேப் மென்பொருளில் வரைகிறேன், இலவசம். கோட்டுப் படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் கோட்டோரங்களில் அழுக்குப் படிந்தது போல் வரும், பிஎன்ஜிதான் சரி. பின்னணியை மறக்காமல் வெள்ளையாக நிரப்ப வேண்டும். ஒன்றும் நிரப்பாமல் விட்டால், கறுப்புத் திரை வைத்திருப்பவர்களுக்குக் கறுப்பின் மேல் கறுப்புக் கோடு, ஒன்றுமே தெரியாது. சிவப்புத் துண்டு, பச்சைத் துண்டு என்று பிரிப்பதும் வேண்டாம். அந்த இரண்டும் ஒன்றாகத் தெரிகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், குறிப்பாக ஆண்களில். பழைய வழக்கப்படி ஒரு துண்டுக்குச் சாய்கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி போட்டு நிரப்புகிறேன். முனைகளுக்குப் பெயர் வைக்கும்போது அ, ஆ, இ என்று போய்க்கொண்டே இருந்தால் உ, ஊ சின்னத் திரையில் குழம்பும், ஒ, ஓ அதைவிட மோசம். உருவத்தில் விலகி நிற்கிற க, ச, ட, ம, வ போதும்.

கோனிக்ஸ்பெர்க் பாலங்களுக்கு இரண்டு படம் தேவைப்பட்டது. இன்றைய ரஷ்யாவின் கலினின்கிராடுதான் அந்த ஊர். ப்ரெகல் ஆறு ஊரை நாலு நிலப்பகுதிகளாகப் பிரிக்கிறது. ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒருமுறை கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா? முடியாது என்று 1736-இல் கணித மேதை ஆய்லர் காட்டினார். கேள்விக்கு ஊர் வரைபடம், விடைக்கு நாலு புள்ளியும் ஏழு கோடும். ஆய்லரின் கட்டுரையில் இந்தப் புள்ளிப் படம் இல்லை, வரைபடம்தான் இருந்தது. புள்ளியும் கோடுமாகச் சுருக்கியவர்கள் நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தவர்கள். என் நாத்தனார் இந்தப் புள்ளிப் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் சிக்குக் கோலக்காரர், அதில் கம்பி புள்ளியைச் சுற்றித்தான் போகும், புள்ளி மேல் ஏறக் கூடாது. ஆனால் விஷயம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. சிக்கில் இரண்டு கம்பி வெட்டும் இடத்தில் எப்போதும் நாலு முனை, வந்த கம்பி வெளியேற வழி இருக்கும். இந்த ஊரில் ஒரு புள்ளிக்கு ஐந்து கோடு, மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. எல்லாமே ஒற்றைப்படை. “அப்ப எங்கயாவது மாட்டிக்கும்” என்றார். வாத்தியார் ஒரு பக்கத்துக்கு எழுதியதும் அதைத்தான்.

சில புதிர்களில் படமே புதிர். அமெரிக்கப் புதிர்க்காரர் சாம் லாயிட் 1896-இல் வெளியிட்ட வட்டத் தகடு அப்படிப்பட்டது: தகட்டைச் சற்றுத் திருப்பினால் 13 வீரர்கள் 12 ஆகிவிடுவார்கள். வார்த்தையில் சொன்னால் அதில் ஒன்றுமில்லை. இந்த வகையில்தான் வாத்தியாருக்கும் எனக்கும் பெரிய வழக்கு.

காணாமல் போகும் சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கைச் சேர்ந்த பால் கரி என்ற பொழுதுபோக்கு மாயவித்தைக்காரர் 1953-இல் கொண்டுவந்தது. 13 கட்ட அகலம், 5 கட்ட உயரம் உள்ள முக்கோணம், நாலு துண்டு. துண்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் அதே முக்கோணம், நடுவில் ஒரு கட்டம் ஓட்டை! துண்டுகளின் பரப்பு 12, 5, 7, 8, மொத்தம் 32. முழு முக்கோணமாக இருந்தால் 32.5 வர வேண்டும். அதாவது இரண்டு அடுக்குமே முக்கோணம் இல்லை. ஒரு துண்டு 8-க்கு 3 ஏறுகிறது, இன்னொன்று 5-க்கு 2. சாய்வு 0.375, 0.4. ஓர் அடுக்கில் சாய்கோடு உள்ளே லேசாகக் குழிகிறது, அடுத்ததில் வெளியே லேசாகப் புடைக்கிறது. கட்டம் 1 செ.மீ. என்று வைத்து வரைந்தால் வளைவு, உயரத்தில் அளந்தால், முக்கால் மில்லிமீட்டர்தான். செல்பேசியில் அதில் பாதி. 0.2 மி.மீ. பேனாவில் வரைந்தால் ஸ்கேல் வைத்துப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். 1 மி.மீ. கோட்டில் வரைந்தால் வளைவு மைக்குள்ளேயே மறைந்துவிடும்.

நான் தடித்த கோட்டில்தான் வரைந்து கொடுத்தேன், மனசாட்சி உறுத்தவில்லை. துண்டுகள் ஒவ்வொன்றும் சரியான அளவு, கட்டங்கள் சரியான அளவு. யார் எண்ணிப் பார்த்தாலும் உண்மை வெளியே வரும். அதற்கு முக்கோணம் என்று பெயர் வைத்தது வாத்தியாரின் வாக்கியம், என் படம் எங்கும் அப்படிச் சொல்லவில்லை.

ஆங்கிலேயப் புதிர்க்காரர் டியூட்னியின் துணிக்கடைக்காரர் புதிரில் இதைவிடக் கறாராக இருந்தேன். சமபக்க முக்கோணத்தை நாலு துண்டாக வெட்டிச் சதுரமாக அடுக்குவது. 1902-இல் அவர் போட்ட புதிர். கீல் வைத்த மரத் துண்டுகளாகச் செய்து 1905-இல் லண்டன் ராயல் சொசைட்டியிலும் காட்டினார். மூன்று துண்டில் முடியுமா என்பது நெடுங்காலம் தொங்கலில் இருந்து, துண்டுகளைப் புரட்டிப் போடக் கூடாது என்றால் மூன்றில் முடியாது என்று 2024 கடைசியில்தான் நிரூபணம் வந்தது. இதன் படங்கள் சிலவற்றில் அடிப்பக்கத்தை 1 : 2 : 1 என்று பிரித்துவிடுகிறார்கள். பார்க்கச் சரியாகவே இருக்கும். உண்மையில் 0.982 : 2 : 1.018. ஒரு குழந்தை அட்டையில் வெட்டி அடுக்கினால் சதுரத்துக்குப் பதில் சதுரம் போன்ற ஒன்று வரும், ஏன் என்று தெரியாமல் தன் கத்தரியைக் குறை சொல்லும். கணக்குப் போட்டுத்தான் வரைந்தேன்.

இப்படி இருக்கும்போது வாத்தியார் ஒருநாள், “எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே” என்ற பழைய பொய் நிரூபணத்தை எடுத்துவந்தார். உச்சிக் கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு, அடிப்பக்கத்தை நடுவில் செங்குத்தாக வெட்டும் கோடு, இரண்டும் முக்கோணத்துக்குள்ளே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கிருந்து மற்ற இரண்டு பக்கங்களுக்கும் செங்குத்து. சர்வசம முக்கோணங்கள் அடுத்தடுத்து விழ, மேல் துண்டும் மேல் துண்டும் சமம், கீழ்த் துண்டும் கீழ்த் துண்டும் சமம், கூட்டினால் இரண்டு பக்கமும் சமம். ஒவ்வொரு வரியும் பத்தாம் வகுப்பு வடிவியல்தான், தப்பே தெரியாது.

தப்பு முழுவதும் படத்தில். பக்கங்கள் சமமில்லாத முக்கோணத்தைச் சரியாக வரைந்தால் அந்தப் புள்ளி உள்ளே விழவே விழாது. அடிப்பக்கத்துக்குக் கீழே, மூன்று முனைகளையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் மேல் போய் உட்காரும். ஒரு செங்குத்து பக்கத்தின் மேல் விழும், இன்னொன்று பக்கத்தின் நீட்சியில். ஒரு பக்கம் கூட்டல் என்றால் மறுபக்கம் கழித்தல், நிரூபணம் காலி.

ஆக, அவருக்கு வேண்டியது ஒரு பொய்ப் படம். புள்ளியை உள்ளே இழுத்து வைக்க வேண்டும்.

“மாட்டேன் சார்” என்றேன்.

“சதுரத்துக்கு மட்டும் தடிச்ச பேனாவை எடுத்தீங்களே?”

“அது தடிச்ச கோடு. இது தப்பான கோடு.”

சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை. புதிர் என்றாலே ஏமாற்றுதான், கேட்பவருக்கும் அது தெரியும் என்பது அவர் கட்சி. வார்த்தையில் ஏமாற்றுங்கள், ஆட்சேபணை இல்லை, வார்த்தையைத் திரும்பப் படித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். ஸ்கேல் வைத்து வரைந்த படம் வேறு. அளந்து வரைந்தது என்று நம்பித்தான் அதன் மேல் கை வைக்கிறார்கள். நாற்பது வயதில் பார்வை மங்கியவரும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் அந்த நம்பிக்கையில் ஒன்றுதான்.

கடைசியில் அவரே ஒரு தாளில் கையால் கிறுக்கினார். கரும்பலகையில் வாத்தியார்கள் போடுவார்களே, அந்தக் கோணல் முக்கோணம். அதைப் படம் எடுத்து அப்படியே போட்டார். எனக்கு அதில் ஆட்சேபணை தோன்றவில்லை. கைக்கோட்டைப் பார்த்தாலே உத்தேசம் என்று தெரியும், சந்தேகம் வந்தவர் தாமாக வரைந்து பார்க்கலாம்.

நீளமான மறுப்புகள் நிறைய வந்தன, சர்வசம விதிகளில் குற்றம் தேடினார்கள். அதில் குற்றம் இல்லை. இரண்டாம் நாள் ஒருவர் ஒரு வார்த்தையும் எழுதாமல் ஒரு புகைப்படம் மட்டும் அனுப்பினார். கோடுபோட்ட நோட்டில் பென்சில் முக்கோணம், பக்கத்தில் காம்பஸ், அடிப்பக்கத்துக்கு இரண்டு வரி கீழே வட்டமிட்ட புள்ளி. வாத்தியார் அதை எனக்குக் காட்டிவிட்டு, “இப்ப வரைஞ்சு தருவீங்கல்ல?” என்றார். விடைப் படத்தை அன்று மாலையே 0.2 கோட்டில் வரைந்து கொடுத்தேன்.