தஞ்சோங் மாலிமில் ஒரு மழைக் கணக்கு

நிகழ்தகவில் ஆராய்ச்சி செய்பவன் நல்ல கருத்தரங்கு நடக்கும் ஊராகப் பார்த்துப் போய்ச் சேர வேண்டும் என்பது சென்னையில் நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சு. மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர்.சீனிவாச வரதன் கொல்கத்தா வழியாக 1963இல் நியூயார்க்கின் கூரண்ட் கணித நிறுவனத்துக்குப் போனார். 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கினார். எனக்கு வேலை கிடைத்தது மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இத்ரிஸ் இங்கே இருப்பதால்தான் ஒரு கணிதக்காரனுக்கு இந்த ஊரில் பிழைப்பு.

சாப்பாடு, மொழி எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. பேச ஆளில்லாததுதான் வாட்டியது. ஒரு தேற்றத்தைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் “இந்த வரி எங்கிருந்து வந்தது?” என்று மடக்கினால்தான் எங்கள் வேலை நகரும். அதற்காகவே கோலாலம்பூருக்கு ரயில் ஏறுவேன்.

வீட்டுக்காரர் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, பசியாறியாச்சா?” என்று கேட்காமல் என்னை வெளியே விடமாட்டார். ஒருநாள் மழையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, உள்ளே போய் நீளமான பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். தேதி, மழைமானியில் எத்தனை அங்குலம், ஓரத்தில் சிவப்பு மையில் ‘வெட்டு இல்லை’, அதாவது அன்று ரப்பர் மரத்தில் பால் வெட்டவில்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சேராது. அன்று வெட்டு இல்லை; சம்பளத்திலும் அடி விழும்.

அவரிடம் கேட்டு, சில பக்கங்களைப் படியெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். மழை நாளுக்கு மறுநாளும் மழை வருவது, வெயில் நாளுக்கு மறுநாள் வருவதைவிட அதிகம் என்று பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடித்தார்கள். டெல் அவிவ் மழையை கேப்ரியேலும் நாய்மனும் 1962இல் மார்க்கோவ் சங்கிலியாக எழுதியது இப்படித்தான்: நாளை மழை வருமா என்பதன் வாய்ப்பு இன்று மழையா வெயிலா என்பதை மட்டுமே பொறுத்தது என்று கொள்வது. அந்த வாய்ப்புகளைக் கட்டம் கட்டி எழுதினால் அது ஓர் அணி (matrix). அப்புறம் என் துறைக்கு வந்தேன். காலம் போகப்போக மழை நாட்களின் பங்கு ஓர் எண்ணை நெருங்கும். அதைவிட்டு வெகுதூரம் விலகுவதற்கான வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில், அதாவது நாட்கள் கூடக்கூட மடங்கு மடங்காக, சுருங்கும். எவ்வளவு வேகம் என்பதுதான் டான்ஸ்கரும் வரதனும் 1975 முதல் எழுதிய கட்டுரைகளின் உயிர்.

பால்வெட்டுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். “சார், அக்டோபர் நவம்பர்ல அம்மாவுக்குப் பாதி நாள் வேலை இருக்காது. எல்லா மாசத்துக்கும் ஒரே அணி எப்படிச் சரியாகும்?”

கோலாலம்பூர் போய் நான் தேடிய மடக்கல் இது. மாதத்துக்கு மாதம் அணி மாறினால் அந்த விலகல் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றுதான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளும் கூட உட்கார்ந்து வேலை செய்கிறாள்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது இந்தப் புத்தகங்கள் பழைய காகிதத்தோடு போய்விடுகின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ எழுதிய மழைக் கணக்கு இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், ஓரத்துச் சிவப்பு மை உட்பட.