அறிவொளி அம்மா

அம்மா போய் இன்றோடு ஒரு வருடம்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மாவும் தொண்டராகச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. கல்குவாரியிலும் வயக்காட்டிலும் வேலை முடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் பெண்கள் வருவார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பாடம். கல் உடைத்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பென்சில் பிடிபடாது. அம்மா பின்னால் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து, முதலில் அவரவர் பெயரை எழுத வைப்பார். 'அ', 'ஆ' எல்லாம் அப்புறம்தான்.

அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளியோடு சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதுவே பிடித்தும் போனது. அம்மாவும் என்னை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போவார். ஊர் பேசியதைக் காதிலேயே வாங்கவில்லை. எனக்கு அதில் இன்றும் பெருமை.

பாட்டியான பிறகும் ஓயவில்லை. போலியோ சொட்டு மருந்து நாளென்றால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். முதியோர் பென்ஷன் மனுவோடு எங்கள் திண்ணையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். எழுதத் தெரிந்தவர் என்றால் அம்மா எழுதித் தர மாட்டார். "நீயே எழுதுத்தா, நான் பக்கத்துலதான இருக்கேன்" என்பார்.

அவரோடு அறிவொளியில் இருந்தவர்கள், அவரிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அந்தக் காலத்துப் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.