விக்கிமூலத்தில் என் நிரல் புகுபதிகை செய்தது: மூன்று மாலைக் குறிப்பு

பழைய நூல்களை இலவசமாகப் படிக்கத் தரும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கிறவர்களுக்கு இந்த அலுப்பு தெரியும். ஓசிஆர் (அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) எடுத்த பக்கத்தைத் திறந்தால் காற்புள்ளிக்கு முன்னால் ஒரு வேண்டாத இடைவெளி, அரைப்புள்ளிக்கு முன்னால் இன்னொன்று. பழைய அச்சு என்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை வளைவோடு இருக்கும். ஓசிஆர் அவற்றை என்னென்னவோ ஆக்கிவிடும். எழுத்தைத் திருத்த மனிதக் கண் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடைவெளியை நீக்கவும் ஆள் உட்கார வேண்டுமா? அதை மட்டும் செய்ய பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். திருத்தும் பகுதி அரை மணி நேரத்தில் முடிந்தது. விக்கிமூலத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் ஏபிஐயிடம் (நிரல்கள் தளத்தோடு பேசும் வாசல்) ‘வந்திருப்பது நான்தான்’ என்று காட்டுவதற்கு மூன்று மாலைகள் ஆயின.

முதல் மாலை கடவுச்சொல்லோடு போனது. என் சொந்தக் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்க மனம் வரவில்லை. அந்தக் கோப்பு யார் கைக்காவது போனால் என் கணக்கே போய்விடும். 2016இல் வந்த மீடியாவிக்கி 1.27இலிருந்து இதற்கென்றே ‘பாட் பாஸ்வேர்டு’ என்று ஒரு வசதி இருக்கிறது. கருவிக்கு ஒரு பெயர் வைத்து, அது என்னென்ன செய்யலாம் என்று தேர்வு செய்தால், ஒரு நீளமான கடவுச்சொல் கிடைக்கும். ஒரே ஒரு முறைதான் காட்டும், அப்போதே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பக்கங்களைத் தொகுக்க (திருத்தி எழுத) மட்டும் அனுமதி கொடுத்தேன். பயனர் பெயருக்குப் பின்னால் @ போட்டு, கருவியின் பெயரைச் சேர்த்துப் புகுபதிகை (லாகின்) செய்ய வேண்டும். இந்தக் கடவுச்சொல் கசிந்தாலும் என் அசல் கடவுச்சொல்லை யாராலும் மாற்ற முடியாது. இதை மட்டும் ரத்து செய்துவிடலாம். வீட்டுச் சாவிக்கொத்தைத் தராமல் சமையலறைச் சாவியை மட்டும் தருவது மாதிரி.

இரண்டாவது மாலைதான் நிறையக் கற்றுக்கொடுத்தது. புகுபதிகைக்கு இரண்டு கோரிக்கைகள் அனுப்ப வேண்டும். முதலாவதில் லாகின் டோக்கன் (தளம் தரும் ஒரு ரகசியச் சரம்) கேட்க வேண்டும். இரண்டாவதில் பெயர், கடவுச்சொல், அந்த டோக்கன் மூன்றையும் போஸ்ட் முறையில் (முகவரியில் காட்டாமல் கோரிக்கையின் உடலில் வைத்து) அனுப்ப வேண்டும். அப்படியே செய்தேன். ‘புகுபதிகையைத் தொடர முடியவில்லை, உங்கள் அமர்வு (செஷன்) காலாவதியாகியிருக்கலாம்’ என்று பதில் வந்தது. டோக்கன் வாங்கி இரண்டு விநாடிகூட ஆகவில்லை. கடவுச்சொல்லை மூன்று முறை சரிபார்த்தேன், புதிதாக ஒன்றும் எடுத்துப் பார்த்தேன். அதே பதில்.

அப்புறம்தான் முதல் பதிலின் தலைப்புப் பகுதியை முழுசாக அச்சிட்டுப் பார்த்தேன். டோக்கனோடு ஒரு குக்கீயும் (தளம் கொடுத்துவைத்து, அடுத்த கோரிக்கையில் திரும்பப் பார்க்கும் சிறு குறிப்பு) வந்திருந்தது. கோரிக்கையும் பதிலும் போய்வரும் வழிமுறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். அந்த டோக்கன் எந்த அமர்வுக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அந்தக் குக்கீதான் சொல்லும். நான் டோக்கனை எடுத்துக்கொண்டு குக்கீயைக் கீழே போட்டுவிட்டு மறுபடி போய் நின்றிருக்கிறேன். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ‘செஷன்’ என்ற ஒன்றை உருவாக்கி எல்லாக் கோரிக்கைகளையும் அதன் வழியாகவே அனுப்பினால், குக்கீகளை அதுவே வைத்துக்கொள்ளும். மாற்றியது ஒரே வரி. அடுத்த ஓட்டத்தில் ‘சக்ஸஸ்’ என்று வந்தது. எழுந்துபோய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது மாலை, தொகுப்பைச் சேமிப்பது. புகுபதிகை செய்தாயிற்றே, இனி நேராக எழுதலாம் என்று நினைத்தேன். அதற்கு வேறொரு டோக்கன் வேண்டும், வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். ஏன் என்று படித்தபோதுதான் இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை வந்தது. உலாவி, ஒரு தளத்துக்குப் போகும் கோரிக்கையோடு அந்தத் தளத்தின் குக்கீயைத் தானாகவே சேர்த்து அனுப்பிவிடக்கூடும். வேறொரு தளம் மறைவாக ஒரு படிவத்தை வைத்து என் பெயரில் விக்கிக்கு எதையாவது அனுப்பவைக்கப் பார்க்கலாம். ஆனால் விக்கி அனுப்பும் பதிலை அந்தத் தளத்தால் படிக்க முடியாது, அதனால் டோக்கன் அதற்குக் கிடைக்காது. ஆளை அடையாளம் காட்டுவது குக்கீ. இந்தக் காரியத்தை அந்த ஆள் உண்மையிலேயே கேட்டார் என்று காட்டுவது டோக்கன்.

எனக்கு முதலில் கிடைத்த டோக்கன் வெறும் +\ என்ற இரண்டு குறிகள். புகுபதிகை செய்யாதவர்களுக்கு அதுதான் டோக்கன்! நிரலில் ஓர் இடத்தில் மட்டும் செஷனை விட்டுவிட்டு நேராகக் கேட்டிருந்தேன். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், புகுபதிகை செய்யாத ஒருவரின் தொகுப்பாகவே அது சேமிக்கப்பட்டிருக்கலாம். அன்றே புகுபதிகைக்குப் பிந்தைய எல்லாக் கோரிக்கையிலும் ‘அசர்ட்’ என்ற அளவுருவைச் சேர்த்துவிட்டேன். புகுபதிகை இல்லையென்றால் ஏபிஐ வேலையைச் செய்யாமல் பிழை காட்டி நின்றுவிடும். எழுதும் கருவி செய்கிறவர்கள் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

சரியான டோக்கன் வந்த பிறகும் ‘பேட்டோக்கன்’ (தவறான டோக்கன்) என்றது. நீளமான டோக்கனின் கடைசியிலும் அதே +\ இருக்கும். நான் கோரிக்கையின் உடலைக் கையால் கோத்திருந்தேன். படிவக் குறியாக்கத்தில் (படிவத் தகவலை அனுப்ப எழுதும் முறை) + என்றால் இடைவெளி என்று பொருள். அந்த இரண்டு குறிகளும் அங்கே இருப்பதே, எழுத்துகளைக் குலைக்கும் இடைநிலைக் கணினிகளைக் கண்டுபிடித்துத் தொகுப்பைத் தடுக்கத்தான். என் நிரல் குலைத்ததையும் அதுதான் பிடித்தது. குறியாக்கத்தை நூலகத்திடமே விட்டேன். என் மணல்தொட்டியில் (சோதனைப் பக்கம்) முதல் தொகுப்பு விழுந்தது, வரலாற்றில் என் பெயரோடு.

மெய்ப்பு பார்க்கும் அக்கா ஒருவர் தனக்கும் இந்தக் கருவி வேண்டும் என்கிறார். அவரிடம் எந்தக் கடவுச்சொல்லையும் நான் வாங்கப்போவதில்லை. அதற்கு ஓஆத் என்ற அனுமதி முறை இருக்கிறது. விக்கியின் சொந்தப் பக்கத்திலேயே அவர் ‘அனுமதி’ அழுத்துவார், அவருக்கான டோக்கன் மட்டும் என் கருவிக்கு வரும். அடுத்த வாரம் அதைத் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால், மெய்ப்புப் பக்கங்கள் இருக்கும் ‘பக்கம்’ பெயர்வெளியில் இந்த நிரலை ஓட்டலாமா என்று விக்கிமூலத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டு எழுதியிருக்கிறேன்.