நாஸ்ட்ரோமோவில் ஏழு ஊழியர்கள்

சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் என்பதால், ரிட்லி ஸ்காட் இயக்கி 1979இல் வெளிவந்த ‘ஏலியன்’ என்ற விண்வெளித் திகில் படத்தை ஒரு வேலையிடத்தின் கதையாகவே பார்க்கப் பழகிவிட்டேன். எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த வேற்றுக்கிரக உயிரினத்தைப் பற்றி எழுதிக் குவித்தாகிவிட்டது. அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல என்னிடம் ஏதுமில்லை. நான் பார்ப்பது கலத்தை. இரண்டு கோடி டன் கனிமத் தாதுவோடு ஒரு சுத்திகரிப்பு ஆலையை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்பும் வணிக இழுவைக் கலம் நாஸ்ட்ரோமோ. அதிலிருக்கும் ஏழு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வந்த ஊழியர்கள்.

தொடக்கக் காட்சியில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க, ஆளற்ற நடைவழிகளில் கேமரா நிதானமாக நகர்கிறது. பிறகு கணினி தானாக விழித்துக்கொள்கிறது. இரவில் ஆளில்லாமல் ஓடும்படி அமைக்கப்பட்ட இயந்திர அறைகளில் பொறுப்பு வகித்தவர்களுக்கு இது புதிதல்ல. டியூட்டி இன்ஜினியர் தம் கேபினில் தூங்கலாம். எங்கோ ஒரு குழாயில் எண்ணெய் அழுத்தம் இறங்கினால் அலாரம் அவருடைய தலைமாட்டில் அடிக்கும். அவரை எப்போது எழுப்புவது என்பதைக் கப்பல்தான் முடிவு செய்கிறது.

விழித்தெழுந்தவர்கள் சாப்பாட்டு மேசையில் முதலில் பேசுவது பணத்தைப் பற்றி. கீழ்த்தளத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பார்க்கரும் பிரெட்டும் போனஸில் தங்களுக்கும் முழுப் பங்கு வேண்டுமென்கிறார்கள். பிறகு மேல்தளத்து அதிகாரியான ரிப்ளி அவர்களைப் பார்க்க இறங்கி வரும்போது, அவர் பேசுவது காதில் விழாதபடி நீராவியைச் சீறவிட்டு, அவர் போனதும் பார்க்கர் வால்வை மூடுகிறார். கலத்தைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்கும் இயந்திர அறைக்கும் இடையிலான பழைய மனத்தாங்கலை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை. (எங்களுக்கும் அந்த வால்வின்மேல் ஆசை உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே நாகரிகம்.)

வழியில் ஒரு சமிக்ஞை கிடைத்து, அது வந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றதும், இது வணிகக் கலம், மீட்புக் கலம் அல்ல என்று பார்க்கர் மறுக்கிறார். அப்படி மறுத்தால் பங்கு முழுவதும் பறிபோகும் என்ற ஒப்பந்தப் பிரிவை அறிவியல் அதிகாரியான ஆஷ் எடுத்துக்காட்டியதும் அவர் அடங்கிப்போகிறார். கடலில் இதற்கென்று சோலாஸ் என்ற, உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. ஆபத்திலிருப்பவர்களின் அழைப்பைப் பெற்று, உதவும் நிலையிலுள்ள கப்பலின் கேப்டன் முழு வேகத்தில் விரைய வேண்டும். இயலாவிட்டால் அதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாளை நம் கப்பலே அழைக்கக்கூடும் என்ற எண்ணம் அந்த விதிக்குப் பின்னால் இருப்பதால் அதை யாரும் சுமையாகக் கருதுவதில்லை. படத்திலோ அந்தக் கடமையின் இடத்தில் சம்பள வெட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் மிகவும் மதிக்கும் காட்சி கதவுக் காட்சி. சமிக்ஞையைத் தேடிப் போன ஊழியர் கேனின் முகத்தில் ஏதோ ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்க, அவரைச் சுமந்து வந்த கேப்டன் டாலஸ் வெளியிலிருந்து கதவைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே அப்போது பொறுப்பிலிருக்கும் ரிப்ளி, 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லி மறுக்கிறார். முதன்முறை பார்ப்பவர்களில் பலருக்கு இந்த இடத்தில் ரிப்ளியின்மேல் கோபம் வரும். கப்பல்காரர்களுக்கு வராது, ஏனெனில் மூடிய தொட்டிகளில் நடந்த விபத்துகளின் கதைகளைக் கேட்டே அவர்கள் வேலை பழகியிருக்கிறார்கள். சரக்கோ துருவோ ஆக்சிஜனை உறிஞ்சிவிட்ட அறைக்குள் ஒருவர் மயங்கி விழுகிறார். அதைக் கண்ட தோழர் சுவாசக் கருவியை மாட்டிக்கொள்ளாமல் ஏணியில் இறங்குகிறார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குகிறார். இரக்கம் இப்படி வரிசையாக ஆளை விழுங்கியதால்தான், மூடிய இடங்களில் நுழைவதற்கும் மீட்பதற்குமான பயிற்சியை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்ற விதி 2015 முதல் கட்டாயமானது. தொட்டியின் வாயில் நின்று, ‘இறங்காதே’ என்று தடுப்பவர் அந்த நிமிடத்தில் கல்நெஞ்சக்காரராகத்தான் தெரிவார்.

கதவைத் திறந்துவிடுவது ஆஷ். அது இரக்கத்தால் நடந்ததாகவே அப்போது தோன்றுகிறது. பிறகு ரிப்ளி கேட்கும்போது, கலத்தை ஓட்டுவது மட்டுமே தம் வேலை என்றும், அறிவியல் சார்ந்தவற்றில் ஆஷின் சொல்லே இறுதி என்றும் டாலஸ் கைவிரிக்கிறார். தம்மோடு ஐந்து பயணங்களில் வந்த பழைய அதிகாரியைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுவனம் மாற்றிவிட்டது என்கிறார். கடைசித் துறைமுகத்தில் ஆள் மாறுவது எங்கள் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. அதில் சதி இருக்குமென்று யாரும் நினைப்பதில்லை. சதிக்கு இதைவிட நல்ல போர்வையும் கிடைக்காது. உயிரினத்தைக் கொண்டுவருவதே முதன்மை, ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை என்ற 937ஆம் சிறப்பு ஆணையை ரிப்ளி கணினியில் படிக்கும்போது, டாலஸ் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்பது விளங்குகிறது. பாதுகாப்பு விஷயத்தில் இறுதி அதிகாரம் கேப்டனுக்கே என்று 1998இல் கட்டாயமான, கப்பல்களின் பாதுகாப்பான நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.எம். நெறிமுறை எழுத்தில் உறுதிசெய்கிறது. எழுத்தில் இருப்பதும் கப்பலில் நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அட்டவணை தவறினால் கம்பெனி என்ன சொல்லும் என்று தயங்கிய கேப்டன்களை நான் அறிவேன்.

உடன் பணிபுரிந்தவர்களோடு இன்றும் தீராத விவாதம் ரிப்ளியின் இறுதி அறிக்கையைப் பற்றியது. இறந்தவர்களின் பெயர்கள், சரக்கும் கலமும் அழிந்த செய்தி, எல்லையை எட்ட ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும் என்ற கணிப்பு ஆகியவற்றை முறைப்படி பதிவு செய்யும் அவர், 937ஆம் ஆணையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதோடு, எந்திரன் என்று தெரிந்த பிறகும், தம்மையே கொல்ல முயன்ற ஆஷின் பெயரை இறந்த ஊழியர்களின் வரிசையில் சேர்க்கிறார். அதிர்ச்சியில் விட்டுப்போயிருக்கும் என்பது ஒரு கட்சி. அந்த அறிக்கையை யார் படிப்பார்கள் என்று தெரிந்தே விட்டார் என்பது என் கட்சி. ஆஷின் பெயரைச் சேர்த்ததற்கு மட்டும் இரு தரப்பும் ஒரே விளக்கம் தருகிறோம்: ஊழியர் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.