கார்கிவிலிருந்து மேற்கு எல்லை வரை: 2022இல் மாணவர்கள் வெளியேறிய வழி

2022 பிப்ரவரி 24 அதிகாலையில் ரஷ்யப் படை உள்ளே நுழைந்ததுமே உக்ரைன் தன் வான்வெளியை மூடிவிட்டது. இந்தியர்களை ஏற்றிவரக் கீவ் நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் டெல்லிக்குத் திரும்பியது. அதன்பின் மிச்சமிருந்தது தரைவழிதான். அதிலும் வடக்கே பெலாரஸ் பக்கமிருந்து ரஷ்யப் படை கீவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, தெற்கே கிரிமியாவிலிருந்து இன்னொரு முனை. ஆக, மேற்குதான் ஒரே திசை. ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் கிழக்கு உக்ரைன் நகரமான கார்கிவில் மாட்டிக்கொண்ட இந்திய மருத்துவ மாணவர்களுக்கு, அந்த மேற்கு எல்லை ஏறத்தாழ 1,000 கி.மீ. தூரம். இதைக் கடந்தவர்களும் வாட்ஸ்அப் குழுக்களில் வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களுமாகச் சேர்ந்து, எது நடந்தது, எது சொதப்பியது என்று எழுதிவைக்கிறோம்.

முன்கூட்டியே ஏன் கிளம்பவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. தற்காலிகமாக வெளியேறுங்கள் என்று இந்தியத் தூதரகம் பிப்ரவரி 15ஆம் தேதியே அறிவித்தது உண்மை. ஆனால் பல மருத்துவப் பல்கலைக்கழகங்கள் நேரடி வகுப்பை நிறுத்தவில்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் 'என்பி' என்ற வராமைக் குறி விழும், ஒவ்வொரு என்பிக்கும் அட்ராபோத்கா (விட்ட வகுப்பை ஈடுகட்டும் தேர்வு) எழுதித் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் தேர்வுக்கு உட்கார முடியாது. போதாக்குறைக்கு, ஆன்லைனில் படித்த படிப்பை இந்தியாவில் ஏற்பார்களா என்ற பயம். அந்தக் கணக்கில் பார்த்தால் தங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது.

முதல் நாட்கள் பதுங்கிடத்தில் போயின. கார்கிவ் மெட்ரோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு நிலையங்களைத் திறந்துவிட்டது. விடுதிகளின் நிலவறையைவிட மெட்ரோ மேல். ஆழம் அதிகம், வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கும். நிலவறையில் ஒரே ஒரு படிக்கட்டுதான், மேலே இடிந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும். கீழே இறங்க நேரமில்லாதபோது 'இரண்டு சுவர்' விதிதான் கைகொடுக்கும்: தெருவுக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் வெடிப்பின் வேகத்தை வாங்கும், இரண்டாவது சுவர் சிதறலைத் தடுக்கும். அடுக்ககத்தில் இதற்குத் தோதான இடம் ஜன்னலே இல்லாத நடைவழி. குளியலறையில் சுவர் டைல்ஸும் கண்ணாடியும் நொறுங்கித் தெறிப்பதால் அது அவ்வளவு நல்ல இடமில்லை.

பிப்ரவரி 28 அன்று கார்கிவின் குடியிருப்புகள்மீது ராக்கெட்டுகள் விழுந்தன. மறுநாள் காலை சுதந்திரச் சதுக்கத்தில் மாகாண நிர்வாகக் கட்டடத்தை ஏவுகணை தாக்கியது. அதே நாளில்தான் ஓர் இந்திய மாணவர் இறந்தார். பதுங்கியிருந்தால் ஓய்ந்துவிடும் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. மார்ச் 2 அன்று தூதரகம் அவசர அறிவிப்பு விட்டது: கார்கிவிலிருந்து உடனே வெளியேறுங்கள், பெசோச்சின், பபாயே, பெஸ்லுதோவ்கா ஆகிய இடங்களுக்கு உக்ரைன் நேரப்படி மாலை 6 மணிக்குள் போய்ச் சேருங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள். ரயில் நிலையத்திலிருந்து 11 முதல் 16 கி.மீ. பனிக்காலத்தில், பையோடு, ஷெல் சத்தத்துக்கு நடுவே மூன்று நான்கு மணி நேரத்துக்குக் குறையாத நடை அது. பெசோச்சின் போனவர்கள் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள், மார்ச் 5 அளவில் அந்த இடம் காலியானது. நிலையத்திலேயே நின்று ரயிலைப் பிடித்தவர்களும் உண்டு. எது சரி என்று அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மீட்பு ரயில்களில் டிக்கெட் கேட்கவில்லை. கையில் டிக்கெட் இருந்தாலும் அதனால் இடம் உறுதியாகிவிடாது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் ஏறிய பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. கூபே பெட்டியில் படுக்கை 36, திறந்த பிளாட்ஸ்கார்ட் பெட்டியில் 54. அவற்றில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆட்கள். கூட்டமாக ஏற முயன்ற குழுக்கள்தான் அதிகம் தவறவிட்டன. இருபது பேர் ஒரே கதவில் நின்றால் நடத்துநர் கதவையே திறக்க மாட்டார். மூன்று நான்கு பேராகப் பிரிந்து வேறு வேறு கதவுகளில் நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். உக்ரேனிய மொழியிலோ ரஷ்ய மொழியிலோ பேசத் தெரிந்த ஒரு சீனியர் ஒவ்வொரு சிறு குழுவிலும் இருந்தது பெரிய உதவி. ரயில் விளக்கை அணைத்துவிட்டு ஊர்ந்துதான் போகும், வெளிச்சம் தெரியாமல் ஜன்னலை மூடச் சொல்வார்கள். வழக்கமான நேரத்தைவிட எத்தனை மணி கூடும் என்று கணக்கிட முடியாது. கழிப்பறை வரைக்கும் ஆள் நிற்பதால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டியிருந்தது.

பலரும் கோட்டைவிட்டது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மேற்கு உக்ரைனின் லிவிவ் நகருக்கு வந்து இறங்கியதும் வரைபடத்தைப் பார்த்தால் போலந்து எல்லை 70 கி.மீ.தான். உடனே டாக்சி பிடித்து ஷெஹினி–மெதிக்கா சாவடிக்கு ஓடினார்கள். அங்கே பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கார் வரிசை. டாக்சி அதன் வாலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மிச்சத்தை நடக்க வேண்டும், நடந்து போனதும் வாசலில் நிற்க வேண்டும். உறைபனியில் இரவு முழுக்க வெட்டவெளியில் நின்றவர்கள் ஏராளம். உக்ரேனியர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு இன்னொன்று, இரண்டாவது நகரவே நகராது. ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்கள் எழுப்பிய புகார்களுக்குப் பிறகு உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் அவர்களுக்கென்று தனி உதவி எண்ணே தொடங்க வேண்டியதாயிற்று. வார்சாவிலிருந்த இந்தியத் தூதரகமும் ஷெஹினியைத் தவிர்த்து புதோமியெஷ் வழியாகவோ தெற்கே ஹங்கேரி, ருமேனியா பக்கமோ போகச் சொன்னது. "தம்பி, ஷெஹினி பக்கம் வராதீங்க, ரயில்லயே சோப் போயிடுங்க" என்கிற மாதிரி குரல் பதிவுகள்தான் அந்த வாரம் குழுக்களில் சுற்றின.

காரணம் எளிது. சோப் என்பது ஹங்கேரி எல்லையிலுள்ள உக்ரைன் ஊர், அங்கே எல்லையைத் தண்டவாளமே கடக்கிறது. அங்கிருந்து ஹங்கேரியின் ஸாஹோனி, பிறகு புடாபெஸ்ட். கார் வரிசை, நடை, திறந்தவெளி இரவு மூன்றும் இல்லை. தூரம் கூடுதல் என்றாலும் காத்திருப்பது நிலையக் கூரையின் கீழ். உஷ்ஹோரோத் போனவர்கள் ஸ்லோவாக்கியாவின் விஷ்னே நெமெட்ஸ்கே வழியே கடந்து கோஷிட்ஸேயில் விமானம் பிடித்தார்கள். வின்னித்ஸா, செர்னிவ்ட்ஸி, இவானோ–பிராங்கிவ்ஸ்க் மாணவர்களுக்குத் தோதானது போருப்னே–சிரெத், ருமேனியா. அங்கும் ஆரம்பத்தில் நெரிசல்தான். ஆனால் கடந்துவிட்டால் அந்தப் பக்கம் தன்னார்வலர்கள் சாப்பாடும் போர்வையுமாகக் காத்திருந்தார்கள். கிட்டத்து எல்லை எது என்று பார்த்தவர்களைவிட, எந்த எல்லைவரை ரயில் போகிறது என்று விசாரித்தவர்கள் பிழைத்தார்கள் என்பதே எங்கள் கணிப்பு.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர் தொடங்கிய அன்றே உக்ரைன் மத்திய வங்கி, கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 1,00,000 ஹ்ரிவ்னாவுக்கு (உக்ரைன் நாணயம்) மேல் ரொக்கம் எடுக்கத் தடை போட்டது. மாணவர்களுக்கு அந்த வரம்பு பெரிய பொருட்டில்லை. வெளிநாட்டுப் பணத்தை ரொக்கமாகத் தருவதையும் கூடவே நிறுத்தியதுதான் இடி. முன்பே டாலர் வைத்திருந்தவர் தப்பித்தார். மற்றவர்கள் ஹ்ரிவ்னாவோடு போலந்து போனால் நாணய மாற்றுக் கடைகள் அதை வாங்கவே தயங்கின. மார்ச் கடைசியில் போலந்து மத்திய வங்கி ஒருவருக்கு 10,000 ஹ்ரிவ்னா வரை மாற்றித்தர ஏற்பாடு செய்தபோது, மாணவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஹ்ரிவ்னாவை எல்லைக்கு இந்தப் பக்கமே உணவு, டாக்சி, சிம் ரீசார்ஜுக்குத் தீர்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆவணங்களில் பாஸ்போர்ட்டும் தற்காலிக வசிப்பு அட்டையும் உடம்போடு இருக்க வேண்டும், பையில் அல்ல. நெரிசலில் பை முதலில் போகும். வசிப்பு அட்டைக்காகவோ பதிவுக்காகவோ பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்திருந்த முதலாண்டு மாணவர்கள் அவசரச் சான்றுக்காக அலைந்தார்கள். போலந்து இந்தியர்களை விசா இல்லாமலே உள்ளே விட்டது, 15 நாள் அவகாசம். இந்தியாவுக்குள் வர அப்போது கட்டாயமாயிருந்த கோவிட் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையும் ஏர் சுவிதா பதிவும் வேண்டாம் என்று தளர்த்தினார்கள். வளர்ப்பு நாய், பூனைகளுக்குக்கூட ஒருமுறைச் சலுகை கிடைத்தது. குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் போனையும் பவர் பேங்கையும் ஜாக்கெட்டின் உள்பக்கம் வைக்க வேண்டும்.

வடகிழக்கு நகரமான சுமி தனிக் கதை. ரயில் கிடையாது, சாலைகளில் சண்டை. சுமார் 700 இந்திய மாணவர்கள் தண்ணீர் இல்லாமல் பனியை உருக்கிக் குடித்தார்கள். மார்ச் 7 அன்று பேருந்தில் ஏறியவர்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புப் பாதை என்று ஒரு தரப்பு அறிவித்தால் போதாது, இரு தரப்பும் ஒரே பாதைக்கு ஒரே நேரத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் அது நடந்தது. பொல்தாவா வரை பேருந்து, பிறகு ரயில், பிறகு போலந்து.

இந்திய அரசின் மீட்புப் பணியான 'ஆபரேஷன் கங்கா' முடிந்தபோது 90 விமானங்கள் பறந்திருந்தன, அதில் 14 விமானப்படையுடையவை. டெல்லியிலிருந்து தமிழகம் வரும் செலவை மாநில அரசு ஏற்றது. அதற்குப் பிறகுதான் காகித வேலை தொடங்கியது. டீன் அலுவலகத்தில் மாட்டியிருந்த அசல் பள்ளிச் சான்றிதழ், அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசு அத்தாட்சி), மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்து, பட்டத்தை உக்ரைனிலுள்ள தாய்ப் பல்கலையிடமே பெறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில்தான் அனுமதித்தது. படிப்பின் கடைசிப் பகுதியை ஆன்லைனில் முடித்தவர்களுக்கு, எம்.பி.பி.எஸ். பகுதி 1, 2 இரண்டையும் எழுத ஒரே ஒரு வாய்ப்பு, பிறகு ஈராண்டு பயிற்சி என்ற ஏற்பாட்டை 2023 மார்ச்சில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது: புதிய பல்கலை தன் பெயரிலேயே பட்டம் தருவதாகச் சொன்னால் அது இந்த அனுமதிக்குள் வராது.